லீவு கேளுங்கடி

யாராவது லீவு கேட்டால் ஆனந்தவள்ளிக்குச் சந்தோஷமாக இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்புகிற ஆள் கிடையாது. மேனேஜர் என்று இருந்தால் லீவு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்க வேண்டும். "போன வாரந்தான எடுத்த" என்று இழுக்க வேண்டும். "ஒரே சித்தப்பாவுக்கு எத்தன தடவ கருமாதி பண்ணுவ" என்று நாலு பேர் முன்னால் நக்கலடிக்க வேண்டும். அதுதானே ஊர் வழக்கம்.

ஆனந்தவள்ளியிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஸ்ரீரங்கத்து வீட்டில் பால் பொங்குகிற நேரத்துக்குப் போன் அடிக்கும். "அக்கா, புள்ளைக்கு விடிய விடியக் காய்ச்சலுக்கா" என்று ஒருத்தி இழுப்பாள். "சரி, நீ வராத. டாக்டர்ட்ட காட்டு. நான் பாத்துக்குறேன்" என்று இவள் முடித்துவிடுவாள். அந்தப் பக்கம் இருப்பவள், இப்படி ஒரு அக்கா வேறு எங்கே கிடைப்பாள் என்று மூக்கை உறிஞ்சுவாள். இந்தப் பக்கம் ஆனந்தவள்ளி அடுப்பை அணைத்துக்கொண்டே இன்றைக்கு எந்த மெஷின் காலி என்று யோசிப்பாள். சட்டைக்குக் கை ஏற்றுகிற மெஷின் என்றால் அன்றைக்கு அவளுக்குத் தீபாவளி.

விஷயம் இதுதான். அரியமங்கலத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதில் முப்பது பெண்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார்கள். முதலாளி ஷேக் தாவூது பாய். பெரிய கடைவீதியில் அவருக்கு ஜவுளிக்கடை உண்டு, பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். யூனிட்டுக்கு மேனேஜர் ஆனந்தவள்ளி. அங்கே முழுச் சட்டையை ஒருத்தியே தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி கை, ஒருத்தி காஜா என்று துணி வரிசையாகக் கைமாறிப் போகும். நடுவில் ஒருத்தி வராவிட்டால் அவளுடைய மெஷினுக்கு முன்னால் துணி குவிந்துவிடும், அவளுக்கு அடுத்தவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். மற்ற கம்பெனிகளில் அதற்காகத்தான் லீவு என்றால் பாய்ந்து விழுகிறார்கள். இங்கே ஆனந்தவள்ளியே போய் அந்த மெஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

"பாவம் அக்கா. மேனேஜர் வேலையும் பாத்துக்கிட்டு நம்ம வேலையும் சேத்துப் பாக்குறாங்க" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். பாவமாவது ஒன்றாவது. அந்த ஷெட்டில் அவள் நிம்மதியாக மூச்சு விடுவது அப்போது மட்டும்தான். மெஷினில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு தையல். அது கோணாமல் போக வேண்டும், அவ்வளவுதான் கவலை. யாராவது வந்து எதையாவது கேட்டால், "இரு, இத முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லலாம். அவர்களும் போய்விடுவார்கள். தைக்கிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

பத்தொன்பது வயதில் அந்த யூனிட்டுக்கு வந்தவள் அவள். பழைய மேனேஜர் துபாய்க்குப் போனபோது, "நீங்கதாம்மா சீனியர், நீங்களே பாத்துக்குங்க" என்று பாய் சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனாள். புலி வாலைப் பிடித்திருக்கிறோம் என்று அல்வா தீர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது வாசிக்காத நேரம் என்று ஒன்று இருக்கும். பாய் கடையிலிருந்து போனில் கத்துவார்: "டெலிவரி என்னாச்சு? ஸ்கூல்காரங்க என் உயிர எடுக்குறாங்கம்மா." இந்தப் பக்கம் ஷெட்டில் தைக்கிற செல்லக்கிளியின் புருஷன் குடித்துவிட்டு கேட்டில் நிற்பான். வேணியின் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து துணிக்கட்டின் மேல் தூங்குவான். பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். எல்லாம் ஆனந்தவள்ளியின் தலையில்தான். அவளும் அலுக்காமல் செய்தாள். தாழ்ப்பாள் போடவைத்தாள், பாயிடம் சண்டை போட்டு ஃபேன் வாங்கினாள், வேணியின் மகனுக்கு ஒரு மூலையில் கோரைப்பாய் விரித்தாள். யாரையும் நாலு பேர் முன்னால் திட்டியதில்லை. நன்றாகத் தைத்தால், "அழகா வந்திருக்குடி" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். வேலை செய்கிறவர்களுக்கு மேனேஜரிடமிருந்து என்ன வேண்டும் என்று பெரிய பெரிய கம்பெனிகளில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். ஆனந்தவள்ளிக்கு அது கூட்டம் போடாமலே தெரியும். இதில் ஒன்றுகூடக் கிடைக்காமல் வருஷக்கணக்காக அதே ஷெட்டில் உட்கார்ந்து தைத்தவள் அவள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எந்தத் தப்பு நடந்தாலும் பாயிடம், "நான்தாங்க" என்பாள். போன வருஷம் மஜீதா ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னம் போட்ட பாக்கெட்டை இன்னொரு பள்ளிக்கூடத்துச் சட்டையில் வைத்துத் தைத்துவிட்டாள். ஒரு கட்டு முழுக்க. பாய் வந்து சட்டையைத் தூக்கிப் பிடித்து, "யாரு பாத்த வேல இது?" என்று கேட்டபோது ஆனந்தவள்ளி முன்னால் வந்து, "நான்தாங்க பாய் கட்ட மாத்திக் குடுத்துட்டேன். அது சின்னப் பொண்ணு, குடுத்தத தச்சிச்சு" என்றாள். பாய் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கிழிகிழியென்று கிழித்தார். அவர் போன பிறகு முப்பது பேரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். அன்றைக்கு மஜீதா அழுத அழுகையில் ஷெட்டே நனைந்துவிடும்போல இருந்தது. அதிலிருந்து அக்கா என்றால் அவர்களுக்கு உயிர்.

அந்த உயிரைத் தூக்கிச் சுமக்கத்தான் ஆனந்தவள்ளியிடம் தெம்பு தீர்ந்துகொண்டிருந்தது.

சித்திரையில் அவள் வீட்டுக்காரர் மதியழகனுக்கு டெங்கு வந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவர், நோய் நொடி என்று படுக்காத மனுஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாடிக் கிடந்தார். டாக்டர் வந்து, "எத்தன நாளா காய்ச்சல் இருக்கு?" என்று ஆனந்தவள்ளியைக் கேட்டார். அவள் போனில் இருந்தாள். பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் வரவில்லை. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். டாக்டர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மதியழகன் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் சிரித்தார். "டாக்டருக்கு எனக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சின்னு தெரியணும். உனக்கு எலாஸ்டிக் எப்ப வரும்னு தெரியணும். அவங்கவங்க கவல அவங்கவங்களுக்கு" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. மணல் மட்டும் கிடந்த ஆற்றைப் பார்த்தபடி ஆனந்தவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதும் போன் அடித்தது. எடுத்தாள். அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்காரர் தேறி வந்ததும், "வேலைய விட்டுத் தொலை. வீட்லயே ஒரு மெஷின் போட்டு ஜாக்கெட் தை" என்றார். அவருக்கென்ன தெரியும். ஜாக்கெட் தைத்தால் தெருவில் உள்ள ஒவ்வொருத்தியும் வாசலில் வந்து நின்று, கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது என்பாள். அது முப்பது முதலாளிகளுக்கு வேலை பார்க்கிற கதை. வேறு கம்பெனிக்குப் போகலாமென்றால், அரியமங்கலத்தில் அவளைத் தெரியாத ஆளில்லை, போன மறுநாளே சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதே ஷெட்டில், வரிசையில் ஒருத்தியாக, குனிந்த தலை நிமிராமல் தைத்துவிட்டு, சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். போன் அடித்தால் அது கூடப்பிறந்த தங்கச்சியாக மட்டும் இருக்க வேண்டும். மெஷினும் ஒன்று தோதாகக் காலியாக இருந்தது. சன்னலோரம் உட்கார்ந்து கை ஏற்றிக்கொண்டிருந்த ஹஃப்ஸா, புருஷனோடு சவுதிக்குப் போய்விட்டாள், அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

ஒரு நாள் துணிந்து பெரிய கடைவீதிக்குப் போனாள்.

"என்னம்மா, யூனிட்ட விட்டுட்டு கடைக்கு வந்திருக்கீங்க?" என்றார் பாய், கல்லாவிலிருந்து.

"பாய், நான் மறுபடியும் மெஷின்லயே உக்காந்துக்குறேங்க."

"ஏன், இன்னிக்கு யாரு வரல?"

"எல்லாரும் வந்திருக்காங்க. நான் சொல்றது நிரந்தரமாங்க. மேனேஜர் வேல வேணாங்க எனக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். சம்பளம் கூட்டச் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தார். இல்லை என்றதும், "நான் எதுவும் கத்திட்டேனா?" என்றார்.

"கத்துனீங்க. ஆனா அதுக்காக இல்ல."

"பின்ன என்னம்மா? உங்கள நம்பித்தான் நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காம இருக்கேன்."

"அதாங்க பாய். எல்லாரும் என்ன நம்பியே இருக்கீங்க. எனக்கு முடியல."

பாய் நல்ல மனுஷன்தான். கத்துவாரே தவிர கெட்ட எண்ணம் கிடையாது. டீ வரவழைத்தார். வெகுநேரம் யோசித்தார். "எம் பையன் சர்ஃபராஸோட சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், ரஞ்சித்துன்னு. திருப்பூர்ல இருந்தவன், இப்ப ஊரோட வந்துட்டான். இந்த ஸ்கூல் தெறக்குற அவசரம் முடியட்டும், அவன வரச் சொல்றேன். இன்ஷா அல்லாஹ், உங்க இஷ்டப்படியே செய்வோம். பொண்ணுங்ககிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்லிக்குறேங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

அங்கேதான் தப்பு செய்தாள். அவசரமெல்லாம் முடியும்வரை, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். சொல்ல வாயெடுத்தால் வேணி வந்து, "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னிக்கோ இந்த வேலைய விட்டிருப்பேன்" என்பாள். மஜீதா நோன்புக் கஞ்சி கொண்டுவந்த பழைய தூக்குவாளியில் அவளுக்கென்று தனியாக பிரியாணி கொண்டுவருவாள். அதைத் தின்றுகொண்டே, நான் உங்களை விட்டு விலகுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அழுவார்கள். அழுதால் இவள் கரைந்துவிடுவாள். காரியம் நடந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். நான் இங்கேதானே இருக்கப்போகிறேன், பக்கத்து மெஷினில் இருந்தால் கசக்கவா செய்யும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சன்னலோர மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு வயிறாரச் சாப்பிட முடிந்தது.

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் பாய், ரஞ்சித்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை போட்ட, முப்பது வயசுப் பையன். மரியாதையாக எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். "இவர்தான் இனிமே மேனேஜர். ஆனந்தவள்ளியம்மா மெஷின்ல இருப்பாங்க" என்று பாய் இரண்டே வரியில் முடித்துவிட்டார். பொண்ணுங்களுக்குத்தான் முன்னமே தெரியுமே என்பது அவர் நினைப்பு.

ஆனந்தவள்ளி யாரையும் பார்க்காமல் போய் சன்னலோரம் உட்கார்ந்தாள். நூலைக் கோத்தாள். கால் பெடலைத் தொட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அன்றைக்கு அவள் முழுசாகத் தைத்தது ஒரே ஒரு சட்டைக் கைதான்.

ரஞ்சித் பேச ஆரம்பித்திருந்தான். எங்கேயோ டிரெய்னிங் போயிருக்கிறான் போலிருக்கிறது. "எம்ப்ளாயீஸ் ஹேப்பியா இருந்தாதாங்க புரொடக்‌ஷன் நல்லா வரும். உங்க சந்தோஷந்தான் எனக்கு முக்கியம்" என்றான். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தான். பிறகு, "ஒரு மேனேஜர்கிட்டருந்து உங்களுக்கு என்ன வேணும்? தயங்காம சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லலாம்" என்றான்.

வேணி எழுந்து நின்றாள். சாக்லேட்டைப் பிரிக்காமல் மெஷின் மேல் வைத்தாள். "எங்களுக்கு எங்க அக்கா வேணும்" என்றாள்.

அவ்வளவுதான். காலர் மெஷின் நின்றது. பாக்கெட் மெஷின் நின்றது. காஜா மெஷின் கடைசியாக ஒரு தரம் தடதடத்து ஓய்ந்தது. ஷெட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததை அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார்கள். மேனேஜராக இருந்த பொம்பளையை, ஒரு ஆம்பளை கிடைத்ததும் இழுத்துக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், அதுவும் அவள் தைத்துத் தேய்ந்த அதே மெஷின் வரிசையில். இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? மேலே போனவர்களைக் கீழே தள்ளுவதைப் பார்த்திருக்கிறார்கள். தானாகக் கீழே இறங்கி வந்த ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை.

"என்னம்மா இது?" என்று பாய் திகைத்தார்.

"பாய், நாங்க உங்க உப்பத் தின்னுறவங்கதான், இல்லேங்கல. ஆனா அக்காவ இப்பிடி அசிங்கப்படுத்தினா நாங்க யாரும் இங்க தைக்க மாட்டோம்" என்றாள் மஜீதா. பாயைக் கண்டால் பேச்சு வராத மஜீதா. அன்றைக்கு நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"யா அல்லாஹ், நான் எங்கம்மா அசிங்கப்படுத்தினேன்? அவங்களேதான் வந்து கேட்டாங்க. கேளுங்க அவங்கள."

எல்லாத் தலைகளும் சன்னல் பக்கம் திரும்பின. ஆனந்தவள்ளி எழுந்தாள். நான் சொல்லித் தீர வேண்டிய நேரம் இதுதான், இப்போது தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள். சொல்லவும் செய்தாள்.

"பாய் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கேட்டேன்."

வேணி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. "பாத்தியாடி" என்றாள் மஜீதாவிடம். "அன்னிக்கு பாக்கெட்டு மாறினப்பவும் இதேதான சொன்னாங்க."

ஆனந்தவள்ளி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "இல்ல வேணி. இது நெசமாவே நான்தான். சத்தியமா சொல்றேன். எனக்கு இந்த மெஷின்ல உக்காரத்தான் புடிச்சிருக்கு" என்றாள்.

அதைக் கேட்டதும் நாலைந்து பேர் விசும்பத் தொடங்கினார்கள். இந்த நிலைமையிலும் முதலாளியைக் காட்டிக்கொடுக்காமல், இப்படி ஒரு பொய்யைச் சத்தியம் வேறு செய்து சொல்கிறாளே என்று அவர்களுக்குத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் பழியைச் சுமந்தவள் ஒரு நாள் தன் ஆசையைச் சொன்னால், அதையும் இன்னொரு மூட்டை என்றுதான் ஜனம் நினைக்கும். யாரைக் குற்றம் சொல்வது? பழக்கிவிட்டது அவள்தான்.

அவள் பாயைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. பாய், நின்றுபோன மெஷின்களைப் பார்த்தார். வெளியே லாரி வேறு வந்து நின்றிருந்தது. இத்தனை பேர் ஒன்றாக எதிர்த்து நின்று அவர் பார்த்ததில்லை. பயந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தோடு, உள்ளுக்குள் அவருக்கும் இதுதான் வேண்டியிருந்தது. "சரிம்மா, சரி. உங்க அக்காவே இருக்கட்டும். ரஞ்சித்த நான் கடைக்கு எடுத்துக்குறேன்" என்றார். ஆனந்தவள்ளியிடம் வந்து தாழ்ந்த குரலில், "என்னம்மா பண்றது, உங்கள விட மாட்டேங்குறாங்களே. இப்பிடிப் பாசம் யாருக்குக் கெடைக்கும்?" என்றார். ரஞ்சித் மட்டும் போகும்போது அவள் பக்கம் திரும்பி ஒரு நொடி நின்றான். "மேடம், நீங்க நெசமாத்தான் கேட்டீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கு அவளை ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவள் தலையாட்டுவதற்குள் வேணி வந்து குறுக்கே நின்றுகொண்டாள்.

பாய் எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் ஆனந்தவள்ளியைச் சுற்றிக்கொண்டார்கள். வேணி அவள் கையைப் பிடித்து மெஷினிலிருந்து எழுப்பினாள்.

"அக்கா, தப்பு எங்க மேலயும் இருக்கு. நாங்க ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டு உங்கள மெஷின்ல உக்கார வச்சோம். அதப் பாத்துத்தான் பாய்க்கு, இவங்கள இங்கயே போட்டுடலாம்னு தோணியிருக்கும். எல்லாரும் பேசிட்டோம். இனிமே எவளும் லீவு கேக்க மாட்டா. உங்கள இந்த மெஷின்ல உக்கார விடவே மாட்டோம்."

"அய்யோ, அதெல்லாம் வேணாம். லீவு கேளுங்கடி" என்றாள் ஆனந்தவள்ளி பதறிப்போய்.

அவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். உலகத்தில் எந்த மேனேஜராவது லீவு கேள் என்று கெஞ்சுவாளா?

சொன்னபடியே செய்தார்கள். மறுநாள் வேணி தன் நாத்தனாரைக் கூட்டிவந்து சன்னலோர மெஷினில் உட்கார வைத்தாள். நல்ல வேலைக்காரி, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் பால் பொங்கும்போது போன் அடிப்பது நின்றுபோயிற்று. வீட்டுக்காரர்கூட, "பரவால்லியே, இப்பல்லாம் உனக்குத் தொந்தரவு கொறஞ்சிருச்சே" என்றார். ஆனந்தவள்ளி போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடிக்காதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷெட்டில் ஒரு மெஷின்கூடக் காலியில்லை. அவள் வரிசைக்கு நடுவே நடந்தாள். நூல் வந்ததா, துணி வந்ததா, லாரி போனதா என்று கேட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பாய் போனில், "மாஷா அல்லாஹ், இந்த மாசம் ஒரு ஆப்சென்ட் கெடையாதும்மா. உங்க கைராசி" என்றார். உட்கார அவளுக்கென்று ஒரு மேஜையும் நாற்காலியும் இருந்தன. அதில் உட்கார்ந்தால் எல்லோருடைய முதுகும் தெரிந்தது. குனிந்து தைக்கிற முதுகுகள். பொறாமையாக இருந்தது அவளுக்கு. சாகும்வரை இந்த நாற்காலிதான் என்று ஒரு மத்தியானம் தோன்றியது. எழுந்து கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஆடி பிறந்த வாரம் மஜீதா காய்ச்சலோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. வைத்த பாக்கெட் கோணிப்போனது. நெற்றியைத் தொட்ட ஆனந்தவள்ளிக்குச் சுட்டது.

"எந்திரி. வீட்டுக்குப் போ. நான் உக்காந்து தச்சிக்குறேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கை மெஷினை நோக்கிப் போனது. தன் குரலில் இருந்த ஆசை அவளுக்கே கேட்டது. காய்ச்சலில் கிடக்கிற பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மஜீதா மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முடியாதுக்கா. நீங்க உக்காரக் கூடாது."

"சொன்னாக் கேளு மஜீதா. எனக்காகப் போ."

"உங்களுக்காகத்தான்க்கா போக மாட்டேங்குறேன்."

அதற்குள் செல்லக்கிளி எழுந்து வந்து மஜீதாவின் துணியில் பாதியை எடுத்துக்கொண்டாள். மீதியை வேணி வாங்கிக்கொண்டாள். மஜீதாவை அந்த இடத்திலேயே சாய்த்து உட்கார வைத்து யாரோ மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் ஆனந்தவள்ளியின் கை படாமலே முடிந்துவிட்டது. மெஷின்கள் மறுபடி ஓடின.

ஆனந்தவள்ளி நடுவில் நின்றாள். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதாள்.

"அழாதீங்கக்கா" என்றாள் வேணி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு இதுகூடச் செய்ய மாட்டமா நாங்க?"